இடது பக்கத்து பாக்ஸ்

அந்த வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் காம்பவுண்டுக்கு மழை வரவில்லை, குழாயில் நல்ல தண்ணீர் வரவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் சென்னியப்பன் அடித்துத் தருவதாகச் சொன்ன வெள்ளையும் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்துவின் பாட்டு செட்டில், இடது பக்கத்து பாக்ஸிலிருந்து, ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

திருப்பூரிலிருந்து மங்கலம் போகிற ரோட்டில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை லைன் வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், குழாய்க்குப் பக்கத்தில் கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்குவதற்காக உப்பும் கரியும் கொட்டிப் புதைத்த எர்த் பைப் ஒன்று, இவ்வளவுதான் எங்கள் காம்பவுண்டு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவோம். அப்படிப்பட்ட இடத்தில், ஒருத்தன் தன் வீட்டுக்குள் சத்தமே இருக்கக் கூடாது, பாட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது கொஞ்சம் அதிகப்படியான ஆசைதான். ஆனால் நாச்சிமுத்துவைக் குற்றம் சொல்லவும் மனசு வராது. பனியன் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷினால் வெட்டுகிற வேலை அவருக்கு. வாரம் பூராவும் அந்த மெஷின் காதுக்குள்ளேயே குடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் காதுக்கு லீவு. அதற்காக ஈரோட்டில் சொல்லிவைத்துச் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர், அதற்குள் ஆட்டுக்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு இரண்டு மரப் பெட்டிகள். ஸ்பீக்கர் வைத்த அந்தப் பெட்டிகளைத்தான் நாங்கள் பாக்ஸ் என்போம். பாட்டு ஓடும்போது புல்லாங்குழல்காரர் எங்கே மூச்சு வாங்கினார், வயலின்காரர் எந்த இடத்தில் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார் என்றெல்லாம் நாச்சிமுத்து சொல்லுவார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்போம், எங்களுக்குப் பாட்டு கேட்பதே பெரும்பாடாக இருக்கும்.

பாட்டு ஓடும்போது அவர் வீட்டில் கரண்டி விழக் கூடாது, குக்கர் கத்தக் கூடாது, அவர் மனைவி வசந்தாமணி வாயைத் திறந்தால் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி “ஷ்” என்பார். வசந்தாமணியும் லேசுப்பட்டவள் இல்லை. வேறொரு கம்பெனியில் சாம்பிள் டெய்லர் அவள். புது மாடலில் முதல் உருப்படியை அவள்தான் தைப்பாள், அதைத் தொட்டுப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் ஆர்டர் போடுவான். மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்தபிறகு வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவர் பாட்டு கேட்கிறவர், இன்னொருத்தி பேச்சை விழுங்கப் பழகியவள்.

இரைச்சல் வந்த ஞாயிறு முழுக்க நாச்சிமுத்து சோறு தண்ணி இல்லாமல் அதை விரட்டினார். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார், டிவியைப் பிடுங்கினார், மிக்ஸி, செல்போன் சார்ஜர், கொசுவை விரட்டும் மெஷின், கடைசியில் சுவரில் டிக் டிக் என்ற கடிகாரத்தின் பேட்டரியைக்கூடப் பிடுங்கினார். கரண்டு வயரையும் ஸ்பீக்கர் வயரையும் பக்கத்தில் பக்கத்தில் போகவிடாமல் ஒன்றைத் தரையிலும் ஒன்றை உத்தரத்திலும் கட்டினார். கேபிள்காரனின் வயரைக் கழற்றி வெளியே தொங்கவிட்டார், எல்லோரும் சீரியல் பார்க்க முடியாமல் அவர் வாசலில் வந்து நின்றோம். ‘ம்ம்ம்’ மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் சவுண்டு சர்வீஸ் ஜெயசீலன் வந்தார். பெரிய கைராசிக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார். காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்லீங்ணா, வயர்தான்” என்று வயரை மாற்றினார். பிறகு, “வயரில்லீங்ணா, பிளக்கு” என்று பிளக்கை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைக் கிழக்கே பார்த்துத் திருப்பி வைத்தார், மேற்கே பார்த்துத் திருப்பி வைத்தார். இடது பாக்ஸை வலதுபக்கமும் வலது பாக்ஸை இடதுபக்கமும் மாற்றி வைத்தபோது, இரைச்சல் பெட்டியோடு போகாமல் இடது பக்கத்திலேயே நின்றுகொண்டது. ஜெயசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “உங்க ஊட்டு ஆம்ப்புல ஒரு கொறையும் இல்லீங்ணா, ஊடுதான் சரியில்ல, எர்த்து கெட்டுக் கெடக்குது” என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அது என்ன இரைச்சல் என்று கண்டுபிடித்தது வசந்தாமணிதான். புதன்கிழமை கம்பெனியில் கரண்டு போய்ச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தவள், செட்டைப் போட்டபடி விட்டுவிட்டு நாச்சிமுத்து வேலைக்குப் போயிருப்பதைப் பார்த்தாள். முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு ஆய்ந்துகொண்டே, பழக்கதோஷத்தில் தனக்குத்தானே பேசினாள். “காத்தால பஸ்ல ஏறறேன், ஒரே கூட்டம்” என்றாள். அவள் வாயைத் திறந்ததும் இரைச்சல் சட்டென்று நின்றது, அவள் நிறுத்தியதும் ‘ம்’ என்றது. “எனக்கு முன்னால நின்னவ கூடைல கோழி வெச்சிருக்கறா” என்றாள். ‘ம்’ என்றது. “அந்தக் கோழி என் முந்தானையக் கொத்துது” என்றாள். ‘ம்ம்’ என்று கொஞ்சம் கூட்டியே சொன்னது. கதை கேட்கிறவர்கள் எந்த இடத்தில் எந்த அளவுக்கு உம் கொட்ட வேண்டுமோ அந்த இடத்தில் அந்த அளவுக்கு உம் கொட்டியது. முறத்துக் கீரை தீர்ந்து, ஆய வேண்டியதில்லாத காம்பையும் ஆய்ந்து முடிக்கிற வரைக்கும் வசந்தாமணி பேசினாள்.

சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, “அக்கா, எங்கூட்டு பாக்ஸு உம் கொட்டுதுங்க்கா” என்றாள்.

“எந்த பாக்ஸு?” என்றார் மூன்றாம் வீட்டு தெய்வாத்தாள்.

“இடது பக்கத்துது.”

“அதான பார்த்தேன். வலதுபக்கம் காத்து வராது, அதுக்கு எங்க நாயங் கேக்கத் தோணும்” என்று சொல்லிவிட்டு தெய்வாத்தாள் தன் குடத்தை முன்னால் நகர்த்தினார். பேச்சு, கதை எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் நாயம் என்போம். நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. குடம் வழிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் ஒவ்வொருத்தராகப் போக ஆரம்பித்தோம். முதலில் தெய்வாத்தாள் போய்த் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார், சாதத்தில் தண்ணீர் வைக்கத் தெரியாததிலிருந்து ஆரம்பித்துக் கல்யாணத்தில் போட்ட சீர் வரைக்கும், பாக்ஸ் எல்லாவற்றுக்கும் உம் கொட்டியது. அவர் வெளியே வந்து செருப்பைப் போடுவதற்குள் மருமகள் உள்ளே போய் மாமியாரைப் பற்றிச் சொன்னாள், அதற்கும் அதே பதத்தில் உம் கொட்டியது. இரண்டு பேரும் பாக்ஸ் தன் கட்சி என்று நம்பியதால் அந்த வீட்டில் ஒரு வாரம் சண்டையே இல்லை. சென்னியப்பன் தன் முட்டி வலியைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் முட்டி வலித்தது, பாக்ஸுக்கு முட்டி இல்லாததால் பொறுமையாகக் கேட்டது. கடைசி வீட்டில் குடியிருந்த ஒடிசாக்காரர் ரமேஷ் சாஹு, தமிழில் சொன்னால் புரியுமோ என்னவோ என்று தயங்கித் தயங்கி ஒடியாவிலேயே சொல்ல, பாக்ஸ் ஒடியாவிலும் உம் கொட்டியது. ஊரைவிட்டு வந்தபிறகு இன்றைக்குத்தான் முதன்முறையாக வயிறாரப் பேசினேன் என்று அவர் எங்களுக்கெல்லாம் வெல்லம் போட்ட பலகாரம் செய்து கொடுத்தார். கரண்டு கணக்கெடுக்க வந்தவர், தனக்கு வரவேண்டிய டிரான்ஸ்ஃபரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்து, சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டரைப் பார்க்க மறந்து போய்விட்டார்.

பிறகு எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. இரைச்சலுக்குக் காரணம் எர்த் சரியில்லாததுதான் என்று ஜெயசீலன் போகிற போக்கில் சொல்லியிருந்தார் அல்லவா, அப்படியானால் நம் வீட்டிலும் எர்த்தைக் கெடுத்தால் நமக்கும் ஓர் உம் கிடைக்குமே என்று, காம்பவுண்டில் இருந்த அத்தனை வீட்டிலும் அத்தனை பிளக்கிலும் எர்த்துக்கென்று மேலே தடிமனாக இருக்கிற மூன்றாவது பின்னைப் பிடுங்கிப் போட்டோம். இரைச்சல் வந்தது, எல்லா வீட்டு டிவியிலும் ரேடியோவிலும் ‘கொர்ர்’ என்று வந்தது, ஆனால் அது வெறும் இரைச்சல். மணிக்கணக்காக எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம், எங்கே நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. கூடவே ஃபிரிட்ஜைத் தொட்டால் சுளீர், கிரைண்டரைத் தொட்டால் சுளீர். நாங்கள் வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கப் பழகினோமே தவிர, பிடுங்கிய பின்னைத் திரும்ப மாட்டவில்லை, எப்போதாவது உம் பிறக்காதா என்ற ஆசைதான்.

இதற்கு நடுவில் நாச்சிமுத்துவை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினால், புல்லாங்குழலுக்கு நடுவில் வாசலில் யாரோ கனைப்பார்கள். “மாஸ்டர், பாட்டை நிறுத்துனீங்கன்னா ஒருக்கா நாயம் பேசிட்டுப் போயிருவேன்” என்பார்கள். பாட்டை நிறுத்தாவிட்டாலும் பிரயோஜனமில்லை. பாட்டுக்கும் அந்த பாக்ஸ் உம் கொட்டியது. ஒவ்வோர் அடியும் முடிய, ‘ம்’. அவருக்கு அழுகை வந்துவிட்டது என்று வசந்தாமணியே சொன்னாள்.

ஆடி பிறந்த வாரம், குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவிடம் தெய்வாத்தாள் கேட்டார். “ஏனுங் மாஸ்டர், வசந்தா எப்பக் கெளம்புது?”

“எங்க கெளம்புது?”

“எத்தியோப்பியாவுக்குத்தான்.”

நாச்சிமுத்து வாயிலிருந்த நுரையைத் துப்ப மறந்து நின்றார். எங்களுக்கு எல்லாம் தெரியும். பாக்ஸிடம் வசந்தாமணி சொன்னதை ஒட்டுக்கேட்டோம் என்று சொல்லக் கூடாது, எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அவ்வளவுதான் கனம். அவள் கம்பெனி முதலாளி எத்தியோப்பியாவில் புது யூனிட் போடுகிறார், அங்கே இருக்கிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க இரண்டு வருஷத்துக்கு வசந்தாமணியைக் கூப்பிடுகிறார். மெஷினை இயக்கவே தெரியாத பெண்கள், அவர்களைக் கொண்டு முழு பனியனைத் தைக்க வைக்க வேண்டும். முதலாளியிடம் அவள், “எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஆடிக்குள்ள சொல்றேனுங்க” என்று தவணை வாங்கி வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை நாச்சிமுத்துவின் காதில் விழவேண்டும், அதுதான் அவளுக்குப் பாக்கி.

நாச்சிமுத்து வாயைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போனார். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“சொன்னனுங்களே” என்றாள் வசந்தாமணி. “புல்லாங்குழலு ஓடறப்ப சொன்னேன். நாதஸ்வரம் ஓடறப்ப சொன்னேன். சோத்தைப் போட்டுட்டுச் சொன்னேன், அப்ப நீங்க வயரைப் பார்த்துட்டு இருந்தீங்க. பஸ் ஸ்டாண்டுல வெச்சுச் சொன்னேன், எந்த பஸ்ஸு ஆரன் சுதி சேருதுன்னு எனக்குக் காட்டுனீங்க.”

“சொன்னா காதுல விழுந்திருக்குமே. புல்லாங்குழல்காரன் மூச்சு வாங்கறதே எனக்குக் கேக்குது.”

“எனக்கும் அதான் ஆச்சரியமா இருந்துச்சுங்க.”

இதில் கோபம் யார்மேல் வரவேண்டும்? நியாயமாகப் பார்த்தால் தன்மேல். நாச்சிமுத்துவுக்கு பாக்ஸ்மேல் வந்தது. என் பொண்டாட்டி பேச்சை எனக்கு முன்னால் கேட்க இது யார் என்று, கம்பெனியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு செம்புக் கம்பியை வாங்கி வந்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு நுனியை முறுக்கி, ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, மறு நுனியைக் குழாயடி எர்த் பைப்பில் வெறுங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பைப்பின் அடியில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். உள்ளே பாக்ஸ் ‘ம்ம்ம்’ என்று இழுத்தது, இறங்கியது, நின்றது. அப்படி ஓர் அமைதி எங்கள் காம்பவுண்டில் அதற்கு முன் வந்ததில்லை, அடுத்த தெருவில் யாரோ வெங்காயம் நறுக்குவது கேட்டது. ரமேஷ் சாஹு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாச்சிமுத்து வெற்றியோடு உள்ளே போய்ப் பாட்டைப் போட்டார். சுத்தமான பாட்டு. “கேட்டியா வசந்தா? துளி இரைச்சல் இல்ல!” என்றார். வசந்தாமணி, “கேட்டேனுங்க, நல்லாருக்குது” என்றாள். அவள் சொல்லி முடித்ததும் நாச்சிமுத்துவின் நெஞ்சுக்குள்ளிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். பாட்டின் அடுத்த அடி முடிந்தது, ‘ம்’. வாயை இறுக்க மூடினார், மூடிய வாய்க்குள்ளிருந்து ‘ம்ம்’. கம்பியைப் பிடித்திருந்த கை வழியாக, மண்ணுக்குள் போகவேண்டியது ஆளுக்குள் ஏறிவிட்டது. தெய்வாத்தாள் எட்டிப் பார்த்து, “பொறவென்ன பண்ணும், வந்தது எங்காச்சும் இருக்கோணுமல்ல” என்று சொல்லிவிட்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, “மாஸ்டர், நேத்து எம்மருமக என்ன பண்ணுனான்னு கேளுங்க” என்று ஆரம்பித்தார். எல்லாம் முடியும் வரை நாச்சிமுத்து உம் கொட்டினார்.

நடமாடுகிற பாக்ஸ் கிடைத்துவிட்டது எங்களுக்கு. அவர் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னோம், வண்டியைத் துடைக்கும்போது சொன்னோம், கக்கூஸ் வாசலில் காத்திருந்து சொன்னோம். டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொத்துத் தகராறு முழுக்கச் சொல்லி, இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, உங்கள மாதிரி காது குடுத்துக் கேக்கறவங்கள நான் பார்த்ததே இல்லீங்ணா” என்றாராம். உண்மையில் நாச்சிமுத்து அதில் ஒரு வார்த்தையையும் கேட்கவில்லை. அதுதான் வேடிக்கை. உம் தானாக வந்தது, சரியான இடத்தில் வந்தது, சரியான அளவில் வந்தது. அவர் பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனார். முன்னாவது கேட்காமல் இருந்தால் கேட்கவில்லை என்று வெளியில் தெரியும், இப்போது அதுவும் தெரியவில்லை.

ஆடி முடிய ஒரு ஞாயிறுதான் இருந்தது. அன்றைக்குக் காலையில் அவராகவே செட்டை நிறுத்தினார். இடுப்பளவு பெட்டிகளுக்கு நடுவில் பாய் போட்டு வசந்தாமணியை எதிரில் உட்கார வைத்து, “இப்பச் சொல்லு, எத்தியோப்பியா நாயத்தைச் சொல்லு, கேக்கறேன்” என்றார்.

அவளுக்குச் சந்தோஷம்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். “எங்க மொதலாளி அங்க ஒரு யூனிட் போடறாருங்க” என்றாள். ‘ம்’ என்றார். “அங்கத்துப் புள்ளைகளுக்குத் தையல் தெரியாதாம்.” ‘ம்’. “நாந்தான் வந்து சொல்லித் தரோணும்னு சொல்றாரு.” ‘ம்ம்.’ அவ்வளவு கச்சிதமாக வந்தது. வசந்தாமணி அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“நீங்க கேக்கறீங்களா, அது கேக்குதா?” என்றாள்.

நாச்சிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்கும் ‘ம்’ என்றது நெஞ்சு.

“பாக்ஸுல இருந்தப்பவாச்சும் அது பாக்ஸுன்னு தெரிஞ்சுதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. சுடவேண்டிய சொல்தான்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்து, சேற்றில் வெறுங்காலோடு நின்று, எர்த் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்க வந்தவர்களைப் பார்த்து, “என் தலைமேல ஊத்துங்க” என்றார். ஊற்றினோம். உப்பைக் கரைத்தும் ஊற்றினோம். வெயில் உச்சிக்கு ஏறியது, அவர் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டே உம் கொட்டினாரே தவிர உம் இறங்கவில்லை.

ஜெயசீலனுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏனுங்க, காம்பவுண்டுல ஒரு ஊட்டுலகூட மூணாவது பின் இல்லியே! எர்த்தை யாருமே சேர்த்துக்காம ஒதுக்கி வெச்சுட்டு, இப்ப வந்து வாங்கிக்கோ வாங்கிக்கோன்னா அது எப்படீங்க வாங்கும்?” என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட அதுவரை சரியாக இருந்ததில்லை என்றாலும், இது எங்களுக்கு நியாயமாகப் பட்டது.

ஆனால் பின்னை மாட்டினால் உம் போய்விடும். ஒரே ஒரு காது, அதையும் நாங்களே மண்ணில் புதைக்க வேண்டும். சென்னியப்பன் முட்டியைத் தடவிக்கொண்டார். ரமேஷ் சாஹுவுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. எனக்கும் இன்னும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருந்தது, அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

தெய்வாத்தாள்தான் முதலில் எழுந்தார். “நம்ம நாயத்தையெல்லாம் ஒரு மாசமாக் கொட்டியாச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரே ஒரு நாயம், அதும் கட்டுனவங்கிட்டச் சொல்லோணும். போயி மாட்டுங்க” என்றார். பிறகு தன் மருமகளைப் பார்த்து, “நீ எடுத்து வெச்சிருக்கறயில்ல அம்மிணி, பின்னையெல்லாம்?” என்று கேட்டார். அவள், “அஞ்சறைப் பெட்டில இருக்குதுங்க அத்தை” என்றாள். அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டையில்லாமல் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜெயசீலன் ஸ்குரூ டிரைவரோடு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் பின் ஏறி, பிளக் சுவரில் உட்கார உட்கார, டிவிகளின் ‘கொர்ர்’ ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியாக ரமேஷ் சாஹு தன் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகினார். நாச்சிமுத்துவின் உச்சந்தலையிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒன்று இறங்கியது, நெஞ்சைத் தாண்டியது, முழங்கையைத் தாண்டியது, பைப் அதிர்ந்தது, சேறு குமிழி விட்டது. எல்லோர் வீட்டுப் பாத்திரங்களும் ஒருதரம் சின்னதாகச் சிலிர்த்தன. பிறகு மண் அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

ஈர வேட்டி சொட்டச் சொட்ட நாச்சிமுத்து வீட்டுக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம், நாகரிகம் பார்க்கிற நேரமா அது. வசந்தாமணி பாயில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். பாய் நனைந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“எங்க மொதலாளி எத்தியோப்பியாவுல ஒரு யூனிட் போடறாருங்க.”

நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. உம் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. எங்களில் சிலருக்கு வாய் துறுதுறுத்தது, நாமே சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. தெய்வாத்தாள் எங்கள் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். நாச்சிமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தானாக எதுவும் வரவில்லை. தேடினார். நெற்றி சுருங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையில் பழக்கமில்லாத ஒரு வேலையைச் செய்கிறவர் போலத் தேடினார்.

“அப்பறம்?” என்றார்.

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். பாக்ஸ் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கு உம் மட்டும்தான் தெரியும்.

“அப்பறம்... அங்கத்துப் புள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தரோணுமுங்க. ரெண்டு வருசம்.”

“அப்பறம்?”

“நான் போறேனுங்க. போறதுன்னு எப்பவோ முடிவு பண்ணிப்போட்டேன். உங்க காதுல விழாம போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆவணி பொறந்ததும் கெளம்போணும்.”

நாச்சிமுத்துவின் முகம் ஒரு நிமிஷம் இடிந்துதான் போனது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, போகிறாள் என்று கேட்டதும் இடியாத முகம் யாருக்கு இருக்கிறது? தண்ணீர் அவர் தலையிலிருந்து வடிந்ததா கண்ணிலிருந்து வடிந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. துடைக்காமல், பார்வையையும் எடுக்காமல், கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பறம்?” என்றார்.

வசந்தாமணி நறுக்கிய காயை ஒருபக்கம் ஒதுக்கி வைத்தாள். பிறகு அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “பயமா இருக்குதுங்க” என்றாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது எங்களில் யாருக்கும் தெரியாது. பாக்ஸிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.